கரட்டுச்செவலில் இணையம் இருக்கிறது

ஆகஸ்ட் 16, சனி

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. எட்டு மாதமாகப் பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். எழுதினேன். பெயர்: சண்முகத்தாய். தொழில்: கரட்டுச்செவல் ஊராட்சித் தலைவர். ரத்த வகை: கொதிப்பு.

நேற்றுக் கிராம சபையில் ரேஷன் கடை அந்தோணியம்மாள் எழுந்து ஓர் ஆணையை வாசித்தாள். எங்கள் கடையில் பதிவு குறைவாம். செப்டம்பர் இருபது வரை பொறுப்பார்களாம். அதற்குள் இருநூற்றுப் பதினான்கு அட்டையில் பாதிக்காவது கைரேகை பதிவாகாவிட்டால் கடையைத் தூக்கி மேலப்புதூர்க் கடையோடு சேர்த்துவிடுவார்களாம். மேலப்புதூர் ஆறு கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. இருபது கிலோ அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு யார் நடப்பது? ஆணை போட்ட மகராசனை ஒரு தடவை நடக்கச் சொல்ல வேண்டும்.

பதிவு ஏன் குறைவு என்று எவரும் கேட்கவில்லை. ரேஷன் மெஷினுக்கு நெட் வேண்டும். எங்கள் ஊரில் நெட் எட்டிப் பார்க்கிற ஒரே இடம் சுடுகாட்டு மேடு. மாதாமாதம் அந்தோணியம்மாள் மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அங்கே போவாள். ஜனங்கள் பின்னாலேயே போய் வரிசையில் நின்று விரல் வைத்துவிட்டு, திரும்பக் கடைக்கு வந்து அரிசி வாங்குவார்கள். அங்கேயும் மெஷின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் வரமாட்டார்கள். புதுப்பெண்களை மாமியார்கள் அனுப்பமாட்டார்கள்.

வேலுத்தாய் பாடு இன்னும் மோசம். இருபது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. நான்கைந்து தடவை வைத்தால்தான் மெஷின் அவளை ஒத்துக்கொள்ளும். அதற்குள் நெட் போய்விடும். இந்த வருடத்தில் மூன்று மாதம் அவளுக்கு அரிசி இல்லை. நேற்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "மதினி, செத்தா நாலு பேரு தூக்கிட்டுப் போவாக. உசுரோட நடந்து போறதும் அங்கனயே தானா?"

நான் மைக்கைப் பிடுங்கி, "கடை எங்கிட்டும் போகாது. நான் தலைவரா இருக்கிற வரைக்கும் போகாது" என்றேன். கை தட்டினார்கள். சொல்லியாயிற்று, இனிமேல் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் தெருக்குழாய் அடைப்பு. பிறகு ஊராட்சி அலுவலகம்.

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் மாட்டியது. மெயின் ரோட்டிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு கறுப்புக் குழாய் வந்து அந்தப் பெட்டிக்குள் நுழைகிறது. நெட் கேபிள். அந்தக் குழாய்க்கு ஊரில் இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. அது போகிற தடத்தில் யாரும் ஆடு கட்ட மாட்டார்கள். பொங்கலுக்குப் பந்தல்கால் ஊன்றினால்கூட நான்கடி தள்ளித்தான் குழி தோண்டுவார்கள். "கேபிள் அறுந்துரும், பாத்து" என்பார்கள். வராத நெட்டுக்கு இவ்வளவு காவல்.

கிளார்க் தங்கமாரி பெட்டியைத் திறந்தான். பல்லி முட்டை இருந்தது. பிளக்கைச் செருகினோம். கரண்ட் விளக்கு எரிந்தது. மற்ற மூன்றும் செத்தே கிடந்தன.

"இதுக என்னைக்காச்சும் எரிஞ்சிருக்கா தங்கமாரி?"

"உங்களுக்குத் தெரியாததாம்மா" என்றான்.

எனக்கு என்ன தெரியும்? பல்லி முட்டையை எடுத்து வெளியே போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒன்றிய அலுவலகம் போனேன். நெட் விவகாரம் பார்க்கிற அதிகாரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஊர் ஊராகப் பெயர் இருந்தது. எங்கள் ஊருக்கு நேரே பச்சை.

"உங்க ஊர்ல நெட் இருக்கும்மா."

"இல்ல சார்."

"இருக்கு. இங்க பாருங்க, பச்சை."

"ஊருக்கு வந்து பாருங்க சார்."

"பச்சை காட்டுற ஊருக்கு நாங்க எதுக்கு வரணும்? செவப்பு காட்டுற ஊரே நாப்பது இருக்கு."

சரி, செல்போன் டவராவது கொடுங்கள் என்றேன். பச்சை ஊருக்கு டவரும் கிடையாதாம். ஏற்கெனவே சாப்பிட்டவனுக்கு எதற்கு இரண்டாவது இலை என்கிற மாதிரி பேசினார். கேபிள் போட்டாயிற்று, பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று ஊராட்சியிலிருந்தே பணி முடிந்த சான்று வந்திருக்கிறதாம். மூன்று வருடத்துக்கு முன்பே.

"கையெழுத்தும் சீலும் இருக்கும்மா. அதை மீறி நான் என்ன பண்ண முடியும்?"

யார் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

முன்னறைக்கு வெள்ளையடிக்கலாம் என்று தோன்றியது. தலைவரான முதல் வாரத்தில் எடுத்த போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டினேன். பச்சை கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு கொதித்தார்கள். எந்தப் பய கையெழுத்துப் போட்டான் என்று கேட்டார்கள். குழாய்க்குக் குழி தோண்டியது எப்போது என்று ஆளாளுக்கு யோசித்து, சீனிராஜ் அண்ணாச்சி தலைவராக இருந்த கடைசி மாதங்கள் என்று முடிவுக்கு வந்தார்கள்.

அவர் எனக்கு முன்னால் தலைவர். முப்பத்தொரு வாக்கில் என்னிடம் தோற்றவர். அதற்குப் பிறகு ஊர் முக்கில் டீக்கடை போட்டிருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஆகாது. அது ஊருக்கே தெரியும்.

"ஏன்யா, கையெழுத்துப் போட்டு ஊரையே அடகு வச்சிட்டீரே" என்று கூட்டத்தில் நின்ற அவரைப் பார்த்து ஒருவன் கத்தினான்.

"நான் போடல. எங்கம்மா மேல சத்தியமா நான் எதுலயும் போடல" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. குழி தோண்டியது அவர் காலத்தில் என்றால் பெட்டி மாட்டியதும் அவர் காலம்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் குறுக்கே புகுந்து, "இப்ப யாரு போட்டாங்கிறதா முக்கியம்? கடையக் காப்பாத்துற வழியப் பாருங்க" என்றேன்.

தலைவருக்குப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

மாவட்டத் தலைநகரில் குறைதீர்க்கும் நாள். ஒன்றரை மணி நேரம் வரிசை. மனுவைக் கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பாடு சரியில்லை. சாம்பாரில் இனிப்பு.

செப்டம்பர் 4, வியாழன்

மனுவுக்குப் பதில் செல்போனில் வந்திருக்கிறது. தங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டது, கரட்டுச்செவலில் இணைய வசதி உள்ளது, என்று. அந்தப் பதிலைப் பார்க்கவே நான் சுடுகாட்டு மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. விசாரித்தால் மனு சுற்றிச் சுற்றி அதே அதிகாரி மேசைக்குத்தான் போயிருக்கிறது. மேட்டில் தனியாக நின்று வாய்விட்டுத் திட்டினேன். கேட்டவர்கள் ஒருவரும் திருப்பிப் பேசவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. மூன்று தெருவுக்குத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் வரை அதே வேலை.

கிளம்பும்போது தங்கமாரி மெதுவாகச் சொன்னான். "பச்சை செவப்பாக ஒரு வழிதாம்மா இருக்கு. சான்று குடுத்தவங்களே அது தப்புன்னு திரும்ப வாங்கணும்."

"வாங்கினா?"

"பொய்ச்சான்று குடுத்ததா ஆகும். பதவி போகலாம். கேஸும் வரலாம்." என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தான். "அதான் நான் இத்தனை நாளா வாய் திறக்கல."

மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போட்டாயா என்று கேட்டேன். போட்டுவிட்டேன் என்றான். இன்னொரு தடவை போய்ப் பார்க்கச் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சீனிராஜ் டீக்கடைக்கு யாரும் போவதில்லை. பாய்லர் கொதித்துக்கொண்டு இருக்கிறது, பெஞ்சு காலி. கழுவிய கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரோட்டுக்கு வந்தார்.

"தலைவரம்மா, தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டிருக்கேன். கையெழுத்துப் போட்டது யாருன்னு சான்றோட நகல் வரும். வந்த அன்னைக்கே ஊர் நடுவுல ஒட்டுவேன்."

"நல்லது அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். ஏதோ நினைப்பில் அளவு தப்பிவிட்டது. இனி நான்கு நாளைக்கு இட்லிதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்றுத்தான் அரிசி லாரி வந்தது. இன்றைக்கு மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. ஊர் எல்லையில் வேப்பிலை கட்டியாயிற்று, எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஒருவரும் சுடுகாட்டுப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது. வெளியூர் போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். இது எங்கள் வழக்கம். அம்மனிடம் நெட் இல்லை, கொஞ்சம் பொறு என்று சொல்ல முடியுமா?

நேற்று ஒரு நாளில் பதிவானது இருபத்து மூன்று அட்டை. கெடு இருபதாம் தேதி. மேட்டுக்கு யாரும் போக முடியாது. அந்தோணியம்மாள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் வேதக்காரிதான்க்கா, நான் போவேன். ஆனா விரல யாரு வைப்பா? என் விரல ஊருக்கெல்லாம் வைக்க முடியுமா?"

அப்போதுதான் எனக்குப் பட்டது. நெட் ஊருக்கு வரவில்லை என்றால் ஊர் நெட்டுக்குப் போகட்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

என் வீட்டுக்காரர் ஓட்டுகிற மினி பஸ், இரண்டு லோடு வண்டி. காலை பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் இறங்கினோம். நூற்றுச் சொச்சம் பேர், எல்லார் கையிலும் காப்பு. அந்தோணியம்மாள் வராந்தாவில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு மெஷினை வைத்தாள். சிக்னல் நாலு கோடும் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பச்சை அதிகாரி வெளியே ஓடி வந்தார். "என்னம்மா இது? இது என்ன ரேஷன் கடையா?"

"இல்ல சார். கடை எங்க ஊர்ல இருக்கு. நெட்டுதான் இங்கன இருக்கு."

"உங்க ஊர்லயும்தான் இருக்கு!"

வேலுத்தாய் முன்னால் வந்து அவர் முகத்துக்கு நேரே பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "சார், உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற பச்சைய எங்க மெஷின்ல கொஞ்சம் ஊத்துங்க. ஊருக்குக் கொண்டுபோயிருதோம்."

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஒரு பியூன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேலுத்தாய் விரல் ஐந்தாவது தடவையில் விழுந்தது. மெஷின் சீட்டுத் துப்பியதும் நாங்கள் போட்ட குலவையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான்கு மணிக்குள் நூற்றுப் பதினெட்டு அட்டை. எனக்கு இந்தப் பதவியில் இப்படியொரு சந்தோஷம் இதற்கு முன் கிடைத்ததில்லை.

கிளம்பும்போது அதிகாரி என்னைத் தனியாக ஒதுக்கினார். "அரிசி வாங்கிக்கலாம், அது சரி. ஆனா எந்த இடத்துல பதிவாச்சுன்னு மெஷின் சொல்லிரும். கடை இருக்கிற ஊர்ல பதிவானாத்தான் கடைக் கணக்குல வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களே இப்படிச் செய்யலாமாம்மா? ஃபைல்ல யாரு கையெழுத்து இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"விளக்கு வைக்கிறதுக்குள்ள ஊர் போகணும் சார்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். வழி முழுக்கப் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் ஆறாம் தேதி கடை இருப்பை மேலப்புதூருக்கு ஏற்றுவார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பொங்கல். கோயில் வழக்கப்படி பதவியில் இருக்கிற தலைவருக்கும் பழைய தலைவருக்கும் காளாஞ்சி உண்டு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்துப் பூசாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். என்னைக் கூப்பிட்டார், வாங்கினேன். அடுத்து சீனிராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். கமிட்டியில் ஒருவர் பூசாரி காதில் ஏதோ சொன்னார். பூசாரி தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

அவர் சம்சாரம் பொங்கிக்கொண்டிருந்த பானையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அவர் மட்டும் நின்றார், அசையாமல், தீபாராதனை முடிகிற வரைக்கும்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் காளாஞ்சித் தட்டு இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

எழுத எதுவும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

எழுதிவிடுகிறேன். தாளிடமே பொய் சொன்னால் வேறு எங்கே போய் உண்மை சொல்வது?

நான் தலைவரான முதல் வாரம். பழைய காலண்டர்களின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகி வைத்திருந்தேன். புது சீல், புது ஸ்டாம்ப் பேடு. ஒப்பந்தக்காரரின் ஆள் சால்வையோடு வந்தான். பெட்டியை அன்று காலையில்தான் மாட்டியிருந்தார்கள், ஆணி அடித்த சுண்ணாம்பு இன்னும் தரையில் கிடந்தது. "தலைவரோட முதல் கையெழுத்து ஊருக்கு நெட் கொண்டுவந்த கையெழுத்தா இருக்கட்டும்மா" என்றான். விளக்கு எரியவில்லையே என்று கேட்டேன். நாளைக்கு எரியும் என்றான். தாளை நீட்டினான். போட்டோக்காரன் இங்கே பாருங்கம்மா என்றான். நான் அங்கே பார்த்தேன். தாளைப் பார்க்கவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. மகளிர் குழுவில் இருந்தபோது பேங்க் பேப்பர் ஒவ்வொன்றையும் வரி வரியாக வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் பெண்களைக் கையெழுத்துப் போட விடுவேன். மேனேஜருக்கே என்னைக் கண்டால் எரிச்சல். அப்படிப்பட்டவள் போட்டோவுக்கு முகம் காட்டிக்கொண்டு போட்டேன். இதற்கு அறியாமை என்று பெயர் இல்லை. ஆசை என்று பெயர். அதைவிடப் பெரிய பாவம் இந்த ஒரு மாதம் இன்னொருவர் தலையில் அதைச் சுமக்கவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போட்டோவக் கழட்டுன அன்னைக்கே தெரியும்" என்றார். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அக்டோபர் 1, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சீனிராஜ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் பழுப்பு உறை.

"வந்திருச்சு" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி."

"அன்னைக்குக் காளாஞ்சி மறுத்தப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"ஒரு வார்த்தை?"

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன்.

"நாளைக்குக் கிராம சபையில வாசிக்கப் போறேன். முன்னாடியே சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன். முதுகுக்குப் பின்னால குத்துற பழக்கம் எனக்கு இல்ல."

"நீங்க வாசிக்க வேண்டாம்."

"கெஞ்சுறியா?"

"இல்ல அண்ணாச்சி. நானே சொல்லுவேன். நீங்க வாசிச்சா அது உங்களுக்கும் எனக்கும் உள்ள சண்டையாப் போயிரும். நான் சொன்னாத்தான் பச்சை அழியும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. நம்பும்படி நான் என்ன செய்திருக்கிறேன்? உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்போம்" என்று போய்விட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

பள்ளிக்கூட வளாகம். கூட்டம் என்றைக்கும் இல்லாத கூட்டம். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் தங்கமாரி வாசித்து முடித்தான். சீனிராஜ் முதல் வரிசையில் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வாங்கினேன். சுற்றி வளைக்கவில்லை. "நெட் வந்திருச்சுன்னு பொய்ச்சான்று குடுத்தது சீனிராஜ் அண்ணாச்சி இல்ல. நான். படிக்காம போட்டேன். இந்த ஒரு மாசமா தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தேன். கோயில்ல அவருக்கு நடந்த அவமானம் எனக்கு நடந்திருக்க வேண்டியது."

மைக் கீச்சென்றது. பிறகு வேலுத்தாய் எழுந்தாள்.

"மூணு வருசமா எங்கள அந்த மேட்டுல ஏத்தினது நீங்கதானா மதினி?"

"ஆமா."

அவள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சேலையை உதறிவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ராஜினாமா செய் என்றார்கள். கத்தி முடிக்கிறவரை நின்றேன். நின்றுதான் ஆக வேண்டும்.

"ராஜினாமா பண்ணிட்டு வீட்டுக்குப் போறது சுலபம். போனா பச்சை பச்சையாவே இருக்கும். முதல்ல தீர்மானம் எழுதுங்க" என்றேன்.

தங்கமாரி பேனாவை மூடி வைத்தான். "வேண்டாம்மா. இத எழுதினா உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி."

"எழுதுப்பா."

நான் சொல்லச் சொல்ல எழுதினான். தலைவராகிய நான் அளித்த பணி முடிந்த சான்று உண்மைக்குப் புறம்பானது, அதைத் திரும்பப் பெறுகிறேன், எங்கள் ஊரில் இணையம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, முன்னாள் தலைவர் மேல் சுமத்தப்பட்ட பழி தவறு, கடையை மாற்றக்கூடாது. கோபத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். இருந்தவர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். சீனிராஜும் போட்டார். போடுவதற்கு முன் முழுதாக வாசித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

லாரி வந்தது. நான் தீர்மான நகலோடு போவதற்குள் கடை வாசலில் மூட்டைகள் மேல் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இன்னும் முப்பது பெண்கள். "எங்களையும் சேத்து ஏத்துங்க. மேலப்புதூர்ல இறக்கி விடுங்க, அங்கனயே குடியிருக்கோம்" என்று டிரைவரிடம் சொன்னாள். அவன் போன் செய்யப் பார்த்தான். சிக்னல் இல்லை. சுடுகாட்டு மேட்டுக்கு வழி காட்டினோம். போய்ப் பேசிவிட்டு வந்து, தீர்மான நகலை வாங்கிக்கொண்டு, வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வேலுத்தாய்க்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தாள். "உங்களுக்காக உக்காரல மதினி. என் அரிசிக்கு உக்காந்தேன்."

"அது போதும்" என்றேன். உண்மையிலேயே போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆய்வு. நான்கு ஜீப். சான்றைக் கொடுத்தவரே திரும்ப வாங்கிவிட்டதால் வந்தே தீர வேண்டியதாகிவிட்டது. ஊரே பெட்டி முன்னால் கூடியது. பொறியாளர் ஒருவர் பெட்டியைக் கழற்றி, குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கை விட்டார். பிறகு எங்களைப் பார்த்தார்.

குழாய்க்குள் ஒன்றுமே இல்லை. வெறுங்குழாய். மெயின் ரோட்டு முக்கில் கேபிளைச் சுருட்டிப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து ஊர் வரை இரண்டு கிலோமீட்டருக்கு வெறும் காற்று. அதன் மேல்தான் மூன்று வருடம் ஆடு கட்டாமல், பந்தல்கால் ஊன்றாமல் காவல் காத்தோம். முதலில் சிரித்தது அந்தோணியம்மாள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

சாயங்காலம் தங்கமாரி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓடி வந்தான். கம்ப்யூட்டரில் நம் ஊர் சிவப்பு. சிவப்பானதற்கு வெடி போட்ட ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். கேபிள் இழுத்து முடிக்கிறவரை கடை இங்கேயே இருக்கும் என்று எழுத்தில் வந்துவிட்டது. சீனிராஜ் கடையில் இன்று பெஞ்சு நிறைந்திருந்தது. நான் போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது?

அக்டோபர் 23, வியாழன்

மெயின் ரோட்டு முக்கில் கேபிள் உருளை வந்து இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை குழாய்க்குள் கேபிள் போகிறதா என்று பார்க்கப் பெண்கள் முறை வைத்து நிற்கிறார்கள்.

மத்தியானம் விசாரணை அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். என் வாக்குமூலத்தை அவரே டைப் செய்து கொண்டுவந்திருந்தார், நான்கு பக்கம். "படிச்சுப் பாக்க வேண்டாம்மா, எல்லாம் உங்களுக்குச் சாதகமாத்தான் போட்டிருக்கேன். கடைசில கையெழுத்துப் போட்டாப் போதும்."

முதல் பக்கத்தை எடுத்தேன். ஏழாவது வரியில் இருந்தது: தலைவர் போதிய கல்வியறிவு இல்லாத கிராமப்புறப் பெண் என்பதால் ஆவணத்தின் பொருள் புரியாமல் கையொப்பமிட்டுள்ளார்.

"இது யாரு சார்?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா. இப்படி இருந்தா உங்க மேல நடவடிக்கை வராது. பதவி தப்பிரும்."

"கேபிள் போடாம போனவங்க மேல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாம நடந்த தப்புன்னு ஆயிட்டா, ரெண்டு பக்கமும் ஃபைல் மூடிரும்."

பேனாவை வாங்கினேன். அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். மேலே என் கையால் எழுதினேன்: எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்று விளக்கு எரியவில்லை. அது எனக்கும் தெரியும், தாளைக் கொண்டுவந்தவருக்கும் தெரியும்.

"அம்மா, இதோட நீங்க மாட்டிக்குவீங்க. பதவி நிச்சயமாப் போயிரும்."

"போகட்டும் சார். அவங்களும் மாட்டுவாங்கல்ல?"

கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"உக்காருங்க சார். இன்னும் மூணு பக்கம் இருக்கு. வாசிச்சிட்டுத்தான் போடுவேன்."